புதுத் தண்ணீரில் எவ்வளவு இறங்கலாம்?

2018 ஆகஸ்ட் 22 இரவு திருச்சி அருகே முக்கொம்பு மேலணை உடைந்தது. கொள்ளிடத்தின் தலைப்பில் இருந்த 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தோடு போயின. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் டெல்டா தண்ணீருக்குத் தவித்த ஆண்டுகள். 2013-க்குப் பிறகு மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது 2018 ஜூலை 23 அன்றுதான். 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய அணை வறட்சியை எல்லாம் தாங்கி நின்றது. வறட்சி தீர்ந்த ஆண்டில் உடைந்தது.

பணத்துக்கும் இப்படி ஒரு பருவம் உண்டு. மந்தம் விலகி நிலைமை தேறத் தொடங்கும் நேரத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அதனால் பெரியவர்கள் சொல்வது: “பொறு, தெளியட்டும்.” இந்த அறிவுரை எவ்வளவு தாங்கும் என்பதே கேள்வி.

இதன் பலத்துக்கு 2008 சாட்சி. ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ், மார்ச்சில் 15,000-க்குக் கீழே வந்தது. மே தொடக்கத்தில் மறுபடி 17,000-க்கு மேல் ஏறியது. ‘விழுந்தது எழுந்துவிட்டது’ என்று நம்பி மொத்தச் சேமிப்பையும் அப்போது போட்டவர், அக்டோபர் கடைசியில் அதே குறியீடு ஒரு கட்டத்தில் 8,000-க்கும் கீழே இறங்கியதைப் பார்த்தார். மீட்சி வருவதற்கு முன் மீட்சியின் வேஷம் வரும். பொறுத்தவர் அதில் ஏமாறவில்லை.

ஆனால் அதே பொறுமை அடுத்த ஆண்டே தோற்றது. 2009 மே 18, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த பிறகான முதல் வர்த்தக நாள். சந்தை திறந்த வேகத்தில் உச்ச வரம்பைத் தொட்டு வர்த்தகமே நிறுத்தப்பட்டது. சென்செக்ஸ் ஒரே நாளில் 17 சதவீதம் உயர்ந்திருந்தது. முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தவருக்கு முடிவு தெரிந்தது, வாங்கத்தான் வழியில்லை.

2020 இன்னும் கடுமையான பாடம். மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 25,981-இல் முடிந்தது. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியது என்ற மதிப்பீடு ஆகஸ்ட் 31 அன்று வெளியானபோது, குறியீடு 38,000-ஐத் தாண்டியிருந்தது. புள்ளிவிவரம் வந்து சேர்வதற்குள் சந்தை அதைக் கடந்து போய்விட்டது. காத்திருந்த பணம் சும்மாவும் இருக்கவில்லை, தேய்ந்தது. ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்துக்கு இறக்கியிருந்தது. டெபாசிட் வட்டியும் கூடவே இறங்கியது. சில்லறைப் பணவீக்கமோ பல மாதங்கள் 6 சதவீதத்துக்கு மேல் ஓடியது.

அப்படியானால் முந்திக்கொள்வதே புத்திசாலித்தனமா? அதுவும் இல்லை. 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் இரண்டே ஆண்டில் ஏறக்குறைய 9 கோடி ஆயின. பங்கோடு நிற்காமல் எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வர்த்தகத்தின் பக்கம் இறங்கியவர்களின் கதை என்ன? 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி கணக்கிட்டது.

திருச்சிக்காரர்களுக்கு மும்பைச் சந்தை வரை போக வேண்டியதில்லை, துவாக்குடி போதும். 2008 சரிவுக்குப் பின் மின் நிலைய ஆர்டர்கள் பெருகிய காலத்தில், பெல் நிறுவனத்துக்குக் கொதிகலன் பாகங்கள் செய்து தந்த பேப்ரிகேஷன் பட்டறைகள் கடன் வாங்கி விரிந்தன. 2012-ஐ ஒட்டி ஆர்டர் வற்றத் தொடங்கியதும், பல பட்டறைகளின் கடன் வாராக்கடன் ஆனது. இவர்கள் இறங்கிய நேரம் தவறா? இல்லை, மீட்சியின் தொடக்கத்தில்தான் இறங்கினார்கள். கடன் கழுத்தளவு இருந்தது, வாடிக்கையாளர் ஒருவரே இருந்தார்; குறை அங்கே.

“பொறு” என்ற அறிவுரையின் ஓட்டை இதுதான். எச்சரிக்கை முழுவதையும் அது நாளின் மேல் சுமத்துகிறது. நாளைக் கணிக்க எவராலும் முடியாது. எவ்வளவு போடுவது, யாருடைய பணத்தைப் போடுவது, எதில் எல்லாம் பிரித்துப் போடுவது என்பவை மட்டுமே நம் கையில் இருப்பவை. எச்சரிக்கை அங்கே இருக்க வேண்டும்.

டெல்டா விவசாயிக்கு இது புதிதல்ல. வழக்கமான ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்பது நிச்சயமில்லாத ஆண்டில், போர்வெல் உள்ள நிலத்தில் மட்டும் குறுவைக்கு நாற்று விடுவார். மிச்ச நிலம் சம்பாவுக்குக் காத்திருக்கும். எஸ்.ஐ.பி. என்று மாதாமாதம் பிரித்துப் போடுவதும் ஏறக்குறைய இதே கணக்கு. இதற்கும் ஒரு விலை உண்டு. 2020 போல நிற்காமல் ஏறும் ஆண்டில், முதலிலேயே மொத்தமாகப் போட்டவர் அதிகம் சம்பாதித்திருப்பார். அந்த வித்தியாசத்தை நிம்மதிக்குக் கொடுக்கும் கூலி என்று எழுதிக்கொள்ளலாம்.

மீட்சி தொடங்கிவிட்டதா என்று எல்லோரிடமும் விசாரிக்கிறோம். அதைவிட, வீட்டில் உட்கார்ந்து வேறொன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: நாளை போடப்போகும் பணம் அடுத்த மாதமே பாதியானால், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் தடையில்லாமல் போகுமா? போகும் என்றால் இன்றைக்கே இறங்கலாம். போகாது என்றால், எத்தனை மாதம் பொறுத்து இறங்கினாலும் அந்தத் தொகை அதிகம்தான்.