எந்த எழுத்தும் தன்னையே குறிக்காத எந்திரம்

'டாக்டர் ஹூ' என்கிற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரைச் சின்னப்பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. நானும் அப்படி ஒதுக்கியவன்தான். 1989 அக்டோபர், நவம்பரில் பிபிசி நான்கு பகுதிகளாக ஒளிபரப்பிய 'ஃபென்ரிக்கின் சாபம்' கதையைப் பல வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த அலட்சியம் ஆட்டங்கண்டது. எழுதியவர் இயன் பிரிக்ஸ். சங்கேதம் உடைப்பதைப் பற்றிய கதை. ஆனால் கதையே ஒரு சங்கேதம். பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

1943. கடலோரத்தில் ஒரு பிரிட்டிஷ் கடற்படை முகாம். டாக்டர் ஜட்சன் என்ற கணித மேதை ஜெர்மன் சங்கேதங்களை உடைக்க 'அல்டிமா' எந்திரத்தைச் செய்திருக்கிறார். சக்கர நாற்காலியில் இயங்குபவர். எந்திரத்தைத் திருட சோவியத் வீரர்கள் ரகசியமாகக் கரையேறுகிறார்கள். தளபதி மில்லிங்டன் தடுப்பதாக இல்லை. கொண்டு போகட்டும் என்றே காத்திருக்கிறார். ஏனென்றால் உள்ளே விஷம் வைத்தாயிற்று. மாஸ்கோவில் அந்த எந்திரம் ஒரு குறிப்பிட்ட சொல்லை உடைத்துப் படிக்கும் கணத்தில் விஷம் பரவும். அந்தச் சொல் 'லவ்'. அன்பு என்றும் வைத்துக்கொள்ளலாம், காதல் என்றும்.

நட்பு நாட்டைக் கொல்வதற்கு அரசு தேர்ந்தெடுத்த சொல் இது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஏகாதிபத்தியம் பற்றிய நல்ல விமர்சனம், அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் பிரதி அங்கே நிற்கவில்லை.

ஜட்சன் யாரென்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆலன் டூரிங்தான். ஜெர்மன் கடற்படையின் எனிக்மா சங்கேதத்தை உடைத்ததில் முன்னின்றவர். 1952இல் இன்னொரு ஆணோடு உறவு கொண்டதற்காக அவரைக் குற்றவாளி என்றது அதே அரசின் நீதிமன்றம். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசி. 1954இல் சயனைடு விஷத்தால் செத்தார். வயது 41. தற்கொலை என்றது மரண விசாரணை. கதையில் வரும் அந்தச் சொல் இப்போது வேறு மாதிரி கேட்கிறதா? காதல் வெளியே தெரிந்தால் விஷம் என்பது டூரிங் வாழ்க்கையின் சுருக்கம்.

குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியில் டூரிங்கின் தன்பால் ஈர்ப்பைக் காட்ட முடியாது என்பதால், தன் அடையாளத்தை வெளிப்படுத்த முடியாத அவர் தவிப்பை உடல் முடக்கத்தின் தவிப்பாக மாற்றியதாக பிரிக்ஸே சொல்லியிருக்கிறார். காலத்தைக் கவனிக்க வேண்டும். தன்பால் உறவை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தடைபோட்ட 28ஆம் பிரிவு தாட்சர் ஆட்சியில் 1988இல் வந்தது. அது பிபிசியைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆனால் சட்டம் தன் எல்லைக்குள்ளேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பேனா பிடிக்கிறவன் தலைக்குள்ளும் அது புகுந்துவிடும்.

எனிக்மாவுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. எந்த எழுத்தை அழுத்தினாலும் வேறு எந்த எழுத்தும் வரலாம், அதே எழுத்து மட்டும் வராது. பலம் மாதிரி தெரியும் இதுதான் அதன் ஓட்டை. செய்தியில் இன்ன சொற்றொடர் இருக்கும் என்று ஊகித்து, அதைச் சங்கேத வரிக்குக் கீழே வைத்து நகர்த்திப் பார்ப்பார்கள். எங்கேயாவது ஓர் எழுத்துக்கு நேராக அதே எழுத்து வந்து நின்றால் அந்த இடம் இல்லை, தள்ளு. இப்படித் தள்ளித்தள்ளி மிஞ்சியதில் நுழைந்தார்கள். இந்தத் தொடரும் அப்படிப்பட்ட எந்திரம்தான். டூரிங் எதுவாகவும் வரலாம், டூரிங்காக மட்டும் வர முடியாது. அந்த ஓயாத விலகலே அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

இதைக் கண்டுபிடித்த பெருமிதத்தில் இருந்தேன். சக்கர நாற்காலியில் இயங்கும் நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டி விளக்கமும் கொடுத்தேன். அவர் கேட்டார்: "அவரோட ரகசியத்த ஒளிச்சு வைக்க எங்க நாற்காலிதான் கெடச்சுதா?"

என்னிடம் பதில் இல்லை. ஒடுக்கப்பட்ட ஒருவரைச் சொல்வதற்கு இன்னொரு ஒடுக்கப்பட்டவரின் உடம்பை உருவகமாக எடுத்துக்கொள்கிறோம். அவருக்கு அந்த உடம்பு உருவகமல்ல. ஜட்சனின் எரிச்சலில் டூரிங்கைத் தேடிய நான், குழந்தையை அதட்டுவதுபோல அவரை நடத்தும் செவிலியைக் கவனிக்கவே இல்லை. என் நண்பர் பார்த்தது அதை மட்டும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய ரூன் எழுத்துகளை ஜட்சன் அல்டிமாவில் ஓட்டி உடைக்கிறார். ஃபென்ரிக் என்ற தீயசக்தி விடுபட்டு அவருக்குள் புகுகிறது. அப்போது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். உருவகத்தை அதன் போக்கிலேயே படித்தால் என்ன வருகிறது? தவிப்பு தீர்ந்தவன் அரக்கன் ஆகிறான். தன்பால் ஈர்ப்பைப் பற்றி 28ஆம் பிரிவைக் கொண்டுவந்தவர்களின் பயமும் இதுவேதான். சங்கேதம் தான் காப்பாற்ற வந்தவனையே காட்டிக்கொடுத்துவிட்டது.

அதே கதையில் ஒரு சதுரங்கப் புதிரும் வருகிறது. ஏஸ் என்கிற இளம்பெண் சொல்லும் விடை: கறுப்புச் சிப்பாய்களும் வெள்ளைச் சிப்பாய்களும் ஒன்று சேர்ந்துவிட வேண்டும். ஆட்ட விதியில் அப்படி ஒரு நகர்த்தலே கிடையாது. பிரிட்டிஷ் சிப்பாயும் ரஷ்யச் சிப்பாயும் கதையில் அதைத்தான் செய்கிறார்கள். ஜட்சனுக்கு மட்டும் அந்த வாய்ப்பு கொடுக்கப்படவில்லை. ஒன்று சேர்வது வேறு, ஒருவர் உடம்பை இன்னொருவர் முகமூடியாக மாட்டிக்கொள்வது வேறு.

2000இல் பால் லியோனார்ட் இதே தொடரை ஒட்டி 'தி டூரிங் டெஸ்ட்' நாவலை எழுதினார். கதை சொல்லும் மூவரில் ஒருவர் டூரிங். அதே பெயரோடு, அதே ஈர்ப்போடு. இங்கிலாந்தில் 28ஆம் பிரிவு நீங்கியது 2003இல்தான். சட்டம் போவதற்கு முன்பே ஓர் எழுத்து தன்னையே குறித்துவிட்டது. நாற்காலியும் நாற்காலியாக மட்டும் வருகிற கதையை என் நண்பர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.