பதிவேட்டிலிருந்து தரவுத்தளத்திற்கு: நாகூர்ப் பின்புலத்தில் தலைமையாசிரியரின் நிருவாகப் பொறுப்பு

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையில் 2012ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டு, ஆசிரியர் வழக்கில் ‘எமிஸ்’ எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் அன்றாட நிருவாகத்தில் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டுள்ளது. சேர்க்கை, வருகை, மாற்றுச் சான்றிதழ் யாவும் அதன்வழியே நடைபெறுகின்றன. இதுபற்றிய விவாதம் ஆசிரியரின் பணிச்சுமை என்ற அளவிலேயே பெரிதும் நின்றுவிடுகிறது. சுமை உண்மையே. ஆயினும் பதிவேற்றத்திற்குத் தனிப் பணியாளரை அமர்த்தினால் அது குறையும். தலைமையாசிரியரின் முடிவெடுக்கும் பொறுப்பில் நேர்ந்துள்ள மாற்றம் அதனால் சீராகாது.

காகிதப் பதிவேட்டைப் போற்றிப் பேசுவதற்கு நாகூர் ஏற்ற இடமன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018 நவம்பரில் கஜா புயல் இதே கடற்கரையைத் தாக்கியது. இத்தகைய நிலப்பகுதியில் மாணவர் விவரம் தொலைவிலுள்ள கணினியில் காக்கப்படுவது பெரும் பயன்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. நாகூர் ஆண்டவரின் பெயரான சாகுல் ஹமீது இவ்வூரில் பரவலாக இடப்படும் பெயர். அது ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படுகிறது. ஆதார் அட்டையில் ஒரு வடிவமும் பள்ளிச் சேர்க்கையில் மற்றொன்றும் இருப்பின், மாணவரை நேரில் அறிந்த தலைமையாசிரியருக்கு ஐயமில்லை. எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் கணினிக்கோ அவர் இருவர். எழுத்துப்பிழை என முன்னர் அலுவலகத்தில் தீர்ந்தது, இன்று குடும்பத்தை அலையவைக்கும் ஆவணச் சிக்கலாகிறது.

காலக்கணக்கிலும் இதே முரண் உண்டு. கந்தூரி விழா பிறைக்கணக்கில் அமைவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகர்கிறது. ஓராண்டு தேர்வுக்காலத்திலும் மற்றோராண்டு விடுமுறையிலும் வரக்கூடும். மாவட்ட நிருவாகம் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை ஒருநாளே. எஞ்சிய விழா நாள்களில் தர்கா கடைத்தெருவில் தந்தைக்குத் துணைநிற்கும் பிள்ளையும் நோயுற்ற பிள்ளையும் செயலியில் ‘வரவில்லை’ என்ற ஒரே குறியாகின்றனர். கடற்கரைக் குடும்பங்களுக்கு வேறொரு நாள்காட்டி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும்போது, பள்ளி திறந்து சில நாள்களே ஆகியிருக்கும். அப்போது வராத பத்தாம் வகுப்பு மாணவன் படகேறிவிட்டானா என்பதை அந்த வாரத்திலேயே அறிய வேண்டும்.

எமிஸின் ‘பொதுத் தொகுப்பு’ இங்குக் கவனத்திற்குரியது. பள்ளியை விட்டு நீங்கும் மாணவர் காரணத்துடன் அதற்கு மாற்றப்படுகிறார். புதிய பள்ளி அங்கிருந்து சேர்த்துக்கொள்கிறது. இடம்பெயர்ந்த பிள்ளையைத் தேடிக் கண்டறியக் காகிதம் தராத வாய்ப்பு இது. ஆனால் காரணம் ஆயத்தப் பட்டியலிலிருந்து தெரிவு செய்யப்படுவது. ‘நீண்ட நாள் வராதவர்’ என்னும் தொடரில் வேலைக்குப் போன சிறுவனும் திருமணப் பேச்சால் நிறுத்தப்பட்ட சிறுமியும் வேறுபாடின்றி அடங்குவர். முன்னவனுக்குத் தொழிலாளர் துறையும் பின்னவளுக்குக் குழந்தைகள் நல அலுவலரும் தேவை. வட்டார அலுவலகம் கேட்பதோ விடுபட்ட பதிவுகளின் எண்ணிக்கையை. எண்ணிக்கையை நிறைவு செய்பவரே திறமையான தலைமையாசிரியர் எனக் கருதும் போக்கு இவ்வாறே உருவாகிறது.

2022இல் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையினர். தெரு அறிந்த காரணம் அவர்களுக்குத் தெரியும். பொதுத் தொகுப்பிற்கு ஒரு பெயரை மாற்றுமுன் அக்குழுவின் கருத்தைத் தமிழில் பதியவேண்டும் என விதித்தால், கூடுதலாகச் செலவாவது சில வரிகளே.