திணை என்னும் அளவுகோல்

தமிழ்க் கவிதையைப் பிறமொழிக் கவிதையோடு வைத்துப் படிக்கும் முயற்சிக்கு நம்மிடம் நூறாண்டு வரலாறு உண்டு. வ.வே.சு. ஐயர் பெல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். வால்மீகி, ஹோமர், வர்ஜில், மில்டன் வரிசையில் கம்பனை நிறுத்தி, அவன் எவருக்கும் இளைத்தவனல்லன் என்று வாதிட்டார். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1950இல்தான் அது நூலாயிற்று. அடிமைப்பட்ட நாட்டுக்கு அந்த வாதம் வேண்டியிருந்தது. ஆனால் அளவுகோல் பெரிதும் ஐரோப்பியக் காப்பியத்தினுடையது.

அந்த அளவுகோலை மாற்றும் முயற்சி சிதம்பரத்தில் நடந்தது. ரோமில் இறையியல் பயின்ற ஈழத்துக் குருவான தனிநாயகம் அடிகள் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கச் சேர்ந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி அவர் செய்த ஆய்வு 1952இல் நூலாகி, 1966இல் 'லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' என்று மறுவடிவம் பெற்றது. யார் பெரியவர் என்ற கேள்வியை விட்டுவிட்டு, கவிதைக்குள் நிலம் என்ன வேலை செய்கிறது என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியின் வலுவை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கவிஞர் தியோக்ரிடஸின் முல்லைநிலத்தில் ஆயர்களே பாடுகிறார்கள், போட்டியிடுகிறார்கள், காதலில் வாடுகிறார்கள். நம் முல்லைப் பாடல்களில் ஆயர் பெரும்பாலும் பின்னணியில் நிற்கிறார்கள். கார்காலமும், மாலையும், கன்றை நினைத்துத் திரும்பும் ஆவும் சேர்ந்து, வினைமேற் சென்றவனுக்காகக் காத்திருக்கும் தலைவியின் மனநிலையாகின்றன. நிலம் ஒன்று, கவிதையில் அதன் பணி வேறு.

அடுத்து வந்தவர் க. கைலாசபதி. 1968இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் புறப்பாடல்களை ஹோமரோடு ஒப்பிட்டு, வாய்மொழி மரபாக விளக்கியது. பாணர் சமூகத்தை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது அதன் பெருமை. நெடுங்காப்பியம் பாடுவோரிடம் கண்டறிந்த விதிகளைச் சிறு பாடல்களுக்குப் பொருத்தியது அதன் குறை. புலவர்கள் எழுத்தறிந்தவர்கள், பாணர் மரபைத் தழுவிப் பாடியவர்கள் என்று ஜார்ஜ் ஹார்ட் 1975இல் மறுத்தார். ஜப்பானியரான தகனோபு தகஹாஷி 1995இல், தொல்காப்பிய இலக்கணத்துக்குள் எல்லா அகப்பாடல்களும் அடங்குமா என்று கேட்டார். இந்த எச்சரிக்கை நமக்கு அவசியம்.

எட்டாம் நூற்றாண்டு ஜப்பானியத் தொகுப்பான மன்யோஷுவையும் அகப்பாடல்களையும் இணைத்துப் பேசுவோர் ஒற்றுமைகளிலேயே மகிழ்ந்துவிடுகிறார்கள். மன்யோஷுவின் காதல் பாடல்கள் பலவற்றில் எழுதியவர் பெயரும் பெறுபவர் பெயரும் உண்டு. அகத்திலோ காதலர் பெயர் சொல்லக் கூடாது. ஒன்று கடிதத்துக்கு நெருக்கம், மற்றொன்று நாடகத்துக்கு. ஒப்பாய்வு தொடங்க வேண்டிய இடம் இந்த வேற்றுமைதான்.

நிலத்தையும் பொழுதையும் மனநிலையோடு இணைக்கும் திணைக்கும் இதே கவனம் வேண்டும். அதைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் நம் ஊர் முந்திரிக்கே அதில் இடமில்லை. பிரேசிலில் பிறந்து போர்ச்சுகீசியரால் இங்கு வந்த மரம் அது. திணையை வாசிப்பு முறையாகக் கொண்டால் முந்திரித்தோப்பும் கருப்பொருளாகும், தியோக்ரிடஸ் பாடிய சிசிலியின் மேய்ச்சல் நிலமும் நமக்கு விளங்கும்.

தமிழாசிரியர்கள் ஒரு சங்கப் பாடலோடு ஒரு கிரேக்கப் பாடலையோ ஜப்பானியப் பாடலையோ மொழிபெயர்ப்பில் வைத்து வகுப்பு நடத்த வேண்டும். யார் பேசுகிறார், யாரிடம், எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் என்ற நான்கு கேள்விகள் போதும். ஒப்பிலக்கியம் அங்கிருந்து வளரும்.