'ஆனி ஆலன்': யாப்பும் பொருளும்

கறுப்பின அமெரிக்கக் கவிஞர் கவெண்டலின் புரூக்ஸ் (1917–2000) இயற்றிய 'ஆனி ஆலன்' என்னும் கவிதை நூல் 1949-இல் வெளிவந்து, மறு ஆண்டிலேயே புலிட்சர் பரிசு பெற்றது. கறுப்பினத்தார் ஒருவர் அப்பரிசினைப் பெற்றது அதுவே முதன்முறை. கறுப்பினப் பெண் ஒருத்தியின் இளமை, காதல், தாய்மை ஆகிய நிலைகளை இந்நூல் மூன்று பகுதிகளாகப் பாடுகின்றது.

நடுப்பகுதியின் பெயர் 'ஆனியட்'. 'இலியட்' என்னும் கிரேக்கப் பெருங்காப்பியத்தை நினைவூட்டும் பெயர் இது. ஏழடிச் செய்யுட்களால் ஆகியது, அருஞ்சொற்கள் மலிந்தது. எளிய பெண்ணொருத்தியின் கதைக்கு இத்துணை உயர்நடை எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பே. இந்நூல் வெள்ளையர்க்கென எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது என்று கறுப்பினக் கவிஞராகிய டான் லீ 1972-இல் எழுதினார்.

அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று என்பது எம் கருத்து. முதற்பகுதியில், கண்ணும் செவியும் பெற்றமைக்கே நன்றி செலுத்துமாறு தாய் மகளுக்குக் கற்பிக்கின்றாள். மகளின் உள்ளமோ பெயரிட்டுச் சொல்லவியலாத வேறொன்றை அவாவுகின்றது. இல்லம் தாராத கனவினைக் கதைகள் தருகின்றன. வீரத் தலைமகன் ஒருவன் வருவான் என அவள் காத்திருக்கின்றாள். கண்ணாடியோ அவள்தன் கரிய நிறத்தையும் அடங்காக் கூந்தலையுமே காட்டுகின்றது. ஆகவே, அவ்வுயர்நடை அவள் கனவு உடுத்த இரவல் ஆடை எனலாம். காதலன் போருக்குச் சென்று மீள்கின்றான். வெளிர்நிற மகளிரை நாடுகின்றான். பின் நோயுற்று மாய்கின்றான். இறுதியில், இருபத்து நான்கு வயதிலேயே, சிறு குடியிருப்பொன்றில் நினைவுகளோடு அவள் தனித்திருக்கின்றாள். காப்பிய நடைக்கும் அச்சிறு சமையலறைக்கும் இடையேயுள்ள தொலைவே இக்கவிதையின் அவலம். எளிய நடையில் பாடியிருப்பின் அவள் வறுமையை மட்டுமே கண்டிருப்போம், கனவினைக் கண்டிரோம்.

எனினும், சொல்லின் செறிவு துயரை மறைக்கும் இடங்களும் சில உள. அவ்விடங்களில் மறுப்பாளர் கூற்று ஏற்புடைத்தே. மூன்றாம் பகுதியிலுள்ள, ஏழைக் குழந்தைகளைப் பற்றிய பதினான்கடிப் பாக்களில் இக்குறை இல்லை. ஆங்கும் யாப்பு கட்டுடையதே. ஆயின், தன் மக்களுக்கு எதனை வழங்குவேன் எனத் தாய் வினவும் வினா தெளிவாக ஒலிக்கின்றது. முதற்பகுதியின் தாய் மனநிறைவைக் கற்பித்தாள். இத்தாயோ போராட்டத்தையும் கற்பிக்கின்றாள். இரவலாக வந்த யாப்பு ஈண்டு அவள்தன் உடைமையாகி விடுகின்றது.