புந்தோங்கின் சாயக் குத்தகையாளரும் பதிவுச் சட்டமும்

ஒரு தொழிலைச் செய்வதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அரசாங்கம் விதிக்கும்போது, அந்தச் சீட்டைக் கேட்டு வருகிறவனிடம் எதைச் சோதிப்பது, எதைச் சோதியாமல் விடுவது என்ற நிர்ணயத்திலேயே அவ்விதியின் நியாயமும் அநியாயமும் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. மலேசியாவில் கட்டடங்களுக்குச் சாயம் பூசும் குத்தகையாளர்களைப் பதிவு செய்யும் முறையை இந்த நோக்கில் ஆராய வேண்டுமென்பது என் நெடுநாளைய எண்ணம். அப்படி ஆராய்வதற்குப் புந்தோங்கைக் காட்டிலும் தகுந்த இடம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஈப்போ மாநகரின் மேற்குப் புறத்தில் பாரி ஆற்றை அடுத்துள்ள புந்தோங், பேராக் மாநிலத் தமிழர்கள் நெருங்கி வாழும் இடங்களில் ஒன்று. 1950களிலும் 60களிலும் பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், எஞ்சியவற்றில் பல பிற்காலத்தில் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டதும், தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்த குடும்பங்களை நகரோரங்களுக்குத் தள்ளின. அவ்வாறு வந்தவர்களின் பிள்ளைகள் சிலர், பள்ளிச் சான்றிதழ் அதிகம் கேட்காததும், ஓர் ஏணியும் இரண்டு ரோலரும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்று தோன்றுவதுமான சாய வேலையில் இறங்கியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இதே புந்தோங்கில்தான் கச்சாங் பூத்தே வியாபாரமும் வேரூன்றியது. தென் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் கடலை வறுத்தும் முறுக்குச் சுட்டும் தெருத் தெருவாக விற்கத் தொடங்கி, இன்று வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்கும் கடைகளாக அதை வளர்த்துவிட்டன. ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வறுமையிலிருந்து கிளம்பிய இவ்விரண்டு தொழில்களில், ஒன்று கடையாக நிலைத்ததற்கும் மற்றொன்று பெரும்பாலும் தினக்கூலியாகவே நின்றுவிட்டதற்கும் நான் காணும் காரணம் ஒன்றுதான். கடலை விற்றவன் முதல் நாளிலிருந்தே வாங்கிய விலை என்ன, விற்ற விலை என்ன, கையில் நின்றது என்ன என்று பார்க்கப் பழகினான்; தோட்டத்தில் வளர்ந்தவனுக்கோ, விடியற்காலைப் பிரட்டு எனப்படும் ஆள் கணக்கெடுப்பில் பேர் கொடுப்பதும் மாதக் கடைசியில் சம்பளம் வாங்குவதுமே கணக்காக இருந்தன, அந்தக் கணக்கையும் தோட்டத்து எழுத்தரான கிராணியார் எழுதினார். கையின் சாமர்த்தியத்தில் இருவருக்கும் குறைவில்லை. விலை சொல்லும் பழக்கமே ஒருவனுக்கு வாய்த்தது, மற்றவனுக்கு வாய்க்கவில்லை.

இத்தகையவன் ஒருவன், பத்துப் பதினைந்து வருஷம் பிறரிடம் சாயம் அடித்த பின்பு, சொந்தமாகக் குத்தகை எடுக்கலாம் என்று தீர்மானித்தால் அவன் ஏற வேண்டிய படிகள் எவை? முதற்படி சுலபமானது. 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழிலைத் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரிலானால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். இரண்டாம் படிதான் படி. 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டத்தால் நிறுவப்பட்ட கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம், எல்லாரும் சி.ஐ.டி.பி. என்று சொல்லும் அந்த ஸ்தாபனம், குத்தகையாளரை ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரங்களாகப் பிரித்திருக்கிறது. நெடுங்காலமாக வழங்கிவரும் அட்டவணைப்படி, ஜி1க்கு 5,000 ரிங்கிட் மூலதனமும் 200,000 ரிங்கிட் வரையிலான வேலைகளும், ஜி2க்கு 25,000 ரிங்கிட்டும் 500,000 வரையிலான வேலைகளும், இவ்வாறே உயர்ந்து ஜி7க்கு 750,000 ரிங்கிட் மூலதனமும் எல்லையற்ற வேலைகளும் உரியவை. கட்டட வகையின் கீழ்ச் சாயம் பூசுதல் ஒரு தனிச் சிறப்புத்துறையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பதிவில்லாமல் குத்தகை எடுப்பவனுக்கு 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

இம்முறையின் நன்மைகளை முதலில் மனமாரச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அரசாங்கப் பதிவு என்றாலே லஞ்சமும் அலைச்சலும்தான் என்று பேசுகிற ஒரு சோம்பேறித்தனமான விமரிசனம் நம்மிடையே மலிந்திருக்கிறது. கட்டுமானத் தளத்தில் கால் வைக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் ஒருநாள் பாதுகாப்பு வகுப்பில் அமர்ந்து பச்சை அட்டை பெற வேண்டும் என்பதும், அவ்வட்டையோடு விபத்துக் காப்புறுதியும் சேர்ந்தே வருவது என்பதும், கயிற்றில் தொங்கியும் மூங்கில் சாரத்தில் ஏறியும் சுவர் தேய்த்த முந்திய தலைமுறைக்குக் கனவிலும் கிட்டாத பாக்கியங்கள். சொந்தத் தொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கத்தில் டாக்சி ஓட்டுநர் போன்றோருக்கே இருந்து, 2020 முதல் கட்டுமானத் தொழிலையும் உள்ளடக்கி விரிந்ததனால், தானே முதலாளியும் தானே கூலியுமாக இருக்கிற சாயக்காரனும் இன்று பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் நிழலில் ஒதுங்கலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது, 2014 ஏப்ரல் 15 முதல் நடைமுறையிலுள்ள 2012ஆம் ஆண்டின் கட்டுமானப் பணப்பட்டுவாடாச் சட்டம். மேலேயுள்ள பெரிய குத்தகையாளர், “எனக்கு வந்தால் உனக்குத் தருவேன்” என்று எழுதி வைத்துக்கொள்ளும் நிபந்தனை செல்லாது என்று அச்சட்டம் தெளிவாகவே விதிக்கிறது. சாய வேலை கட்டடத்தின் கடைசி வேலையாகையால், பணம் முடிந்துபோன பிறகே தன் முறை வரக் கண்ட சாயக்காரனுக்கு இதைவிடப் பெரிய கேடயம் வேறென்ன வேண்டும்?

ஆனால் கேடயத்தை ஏந்துவதற்குக் கை வேண்டும். அச்சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கே பொருந்தும். தனி மனிதர் தாம் குடியிருப்பதற்காகக் கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கு அது பொருந்தாது. புந்தோங்கின் சாயக்காரர் எடுக்கும் வேலைகளை எண்ணிப் பாருங்கள்: ஒன்று, சொந்தக்காரர் குடியிருக்கும் வரிசை வீடு, மற்றொன்று, கைபேசியில் நாலு வார்த்தை பேசி, முன்பணமாக ஏதோ கொஞ்சம் கைமாறித் தொடங்கிவிடும் உட்குத்தகை. முன்னது சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பின்னதைச் சாயக்காரரின் வழக்கமே வெளியே நிறுத்திவிடுகிறது. போதாக்குறைக்கு, வீட்டுக்காரருக்கு வேலை பிடிக்கவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வீட்டுக்காரர் பணம் தராவிட்டால் சாயக்காரர் அங்கே வாதியாகப் போக முடியாது, அவருக்கு எஞ்சியிருக்கும் எளிய வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை, அதற்கு 2012ஆம் ஆண்டு விதிகள் வைத்த எல்லையோ 5,000 ரிங்கிட். பயனீட்டாளரைக் காப்பது தர்மம்தான். ஆயினும் ஏணிமேல் நிற்பவனை எப்போதும் பலசாலி என்றே எண்ணிச் சட்டம் செய்வது, மனிதர்களைப் பார்க்காமல் அவர்கள் வகிக்கும் ஸ்தானத்தை மட்டும் பார்க்கிற குறையாகும்.

பதிவு முறையின் மூலக்குறை வேறொன்று. அது மூலதனத்தை யோக்கியதையின் அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. 5,000 ரிங்கிட் வைத்திருப்பவன் 200,000 ரிங்கிட் வேலையை எடுக்கலாம் என்பதன் பொருள் என்ன? ஐந்து ஆட்களை நாளொன்றுக்கு ஆளுக்கு 100 ரிங்கிட் வீதம் வைத்து நடத்தினால் அந்த மூலதனம் பத்தே நாளில் கரைந்துவிடும், சாய வாளி ஒன்றுகூட வாங்குவதற்கு முன்பே. முதல் கட்டப் பணமோ வேலையை அளந்து, கணக்கு அனுப்பி, மேலிடம் ஒப்புக்கொண்டு வந்து சேர மாதங்கூட ஆகலாம். இந்த இடைவெளியை எதனால் நிரப்புவது என்று தெரியாதவனுக்கு உரிமம் கொடுப்பது உபகாரமாகாது. அப்படியானால் மூலதனத்தை உயர்த்திவிடலாமே என்றால், அதன் விளைவு புந்தோங்கிலிருந்து ஒருவர்கூட அந்த வாசலைத் தாண்டாமற்போவதுதான். ஏற்கனவே சிறு அரசாங்க வேலைகளில் பெரும்பகுதி பூமிபுத்திரக் குத்தகையாளருக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால், உரிமம் பெற்ற தமிழருக்குத் திறப்பது தனியார் உட்குத்தகையின் குறுகிய சந்து. அந்தச் சந்தில் நடப்பதென்ன? உரிமம் உள்ளவர் பெயரைக் கொடுக்கிறார். இல்லாதவர் வேலையைச் செய்கிறார். இடையில் ஒரு பங்கு கழிகிறது. பழைய கங்காணி, தான் கொணர்ந்த ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கினாரே, அந்த முறை 1938இல் இந்திய அரசாங்கம் ஆள் கட்டி அனுப்புவதைத் தடை செய்ததோடு ஒழிந்ததாகச் சரித்திரம் சொல்கிறது. காகிதத்தைக் கைப்பற்றிக்கொண்டு அது வேறு வேஷத்தில் உலவுவதை நான் காண்கிறேன்.

இனி, சோதிக்கப்படாமல் விடப்பட்டது எதுவென்று பார்ப்போம். பிற்பகல் மழைக்குப் பேர்போன ஈப்போவில் சுவர் என்பது எளிதில் நம்பத்தகாத வஸ்து. புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவர் உள்ளே உலர்ந்து காரம் தணிய நாலு வாரமாவது வேண்டும்; வீட்டுக்காரர் புதுமனைப் புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டார் என்பதற்காக இரண்டாவது வாரத்திலேயே சாயம் பூசினால், அது கொப்புளித்து உரிந்து, பூசியவன் பேரையும் உரித்துவிடும். காரத்தைத் தாங்கும் சீலர் ஒரு பூச்சு முதலில் வேண்டும். பாசி படிந்த பழைய சுவரானால் பாசியைக் கொன்று கழுவிய பிறகே அதுவும். ஈப்போ பழைய நகரின் சுண்ணாம்புக் காரைக் கடைவீடுகளோ, உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழிவிடும் சாயத்தையே வேண்டுவன. அவற்றின்மேல் இக்காலத்துப் பிளாஸ்டிக் தன்மையுள்ள சாயத்தை அடைத்துப் பூசுவது சுவரைப் புழுக்கிக் கெடுக்கும். இவற்றையெல்லாம் நம் சாயக்காரர்கள் அனுபவத்தால் அறிவார்கள். அவர்கள் தடுமாறுமிடம் அடுத்தது. ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் மூடும் என்று வைத்துக்கொண்டால், 150 சதுர மீட்டர்ச் சுவருக்கு இரண்டு பூச்சுக்கு 30 லிட்டர், அதாவது 18 லிட்டர் வாளி இரண்டு, சீலர் தனி, பழஞ்சுவர் அதிகம் குடிக்கும், அது தனி, சாரம், தேய்தாள், மழையால் வீணாகும் நாட்கூலி, லாரி வாடகை இவை தனி. இதைக் கணக்கிடாமல், பக்கத்துத் தெருவில் இன்னொருவர் சொன்ன தொகையில் நூறு வெள்ளி குறைத்துச் சொல்வதே விலை கூறும் சாஸ்திரமாக இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் கேட்டால் வீட்டுக்காரர் மனம் கோணுவார் என்ற தாட்சணியமும் கூடச் சேர்ந்துகொள்கிறது. நான் அறிந்தவரையில் சாயத் தொழிலில் நொடித்தவர்களில் சுவர் தெரியாமல் நொடித்தவர் அபூர்வம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வேறொரு வழியைக் கைக்கொண்டிருக்கிறது. அங்கே சி-33 என்னும் சாயக் குத்தகை உரிமம் கேட்பவர் நான்கு வருஷத் தொழிலனுபவத்தைக் காட்டி, இரண்டு பரீட்சைகள் எழுத வேண்டும்: ஒன்று தொழிலைப் பற்றியது, மற்றொன்று சட்டமும் வணிகமும் பற்றியது; 2023 முதல் 25,000 டாலர் பிணைப் பத்திரமும் உண்டு. வினாவுக்கு நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பரீட்சை ஒருவனுடைய கையை அளக்காது. விடைகளை உருப்போட்டு ஒப்பிக்கிறவனும் தேறக்கூடும். உரிமமற்ற வேலையும் அங்கே அற்றுவிடவில்லை. எனினும் ஒப்பந்தம், பணம் கோரும் முறை, ஆட்களுக்குரிய காப்புறுதி, செலவுக் கணக்கு ஆகியவற்றை ஒருவன் ஒரு தடவையாவது உட்கார்ந்து படித்தேயாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அங்கே இருக்கிறது. படித்ததில் பாதி மறந்தாலும், பணம் வராத அன்று எதைத் தேடுவது என்பது அவனுக்கு ஞாபகம் வரும்.

மலேசிய முறையில் இதற்கு மிக அண்மையில் நிற்பது, 2006ஆம் ஆண்டின் 652ஆம் சட்டத்தின் கீழ்த் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ். அதிலும், வகுப்பறைக்குப் போகாமலே, முன்பு செய்த வேலையைச் சான்று காட்டிச் சான்றிதழ் பெறும் பி.பி.தி. என்னும் வழி. இந்த வழியை வகுத்தவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். பள்ளியில் தோற்றவனுடைய கையும் ஒரு கல்வியே என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் இது. ஆனால் இங்கேயும் காகிதம் வந்து குறுக்கே விழுகிறது. வேலை செய்த புகைப்படம், முதலாளியின் கடிதம், கொள்முதல் ரசீது, செய்முறை விளக்கம் ஆகியவற்றைக் கோப்பாகத் தொகுத்து, மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். இருபது வருஷம் உறையில் போட்ட ரொக்கமாகவே கூலி வாங்கியவனிடம், அந்த இருபது வருஷத்துக்கு என்ன அத்தாட்சி இருக்கும்? ஆகவே கோப்பைத் தொகுத்துத் தருவதற்கென்றே பணம் வாங்கும் இடைத்தரகர்கள் தோன்றிவிடுவதும், எல்லாக் கோப்புகளும் ஒரே கை எழுதியவைபோல் இருப்பதும் இயல்பாகிவிடுகின்றன.

மூலதன விஷயத்தில் பேராக் தமிழர்களுக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளரின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. முப்பது சாயக்காரர்கள் கூடி, வாளிக் கணக்கில் சாயத்தை ஒன்றாக வாங்கி, பணம் வரத் தாமதமாகும் மாதத்தில் ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்துக்கொள்வது அதைக் காட்டிலும் எவ்வளவோ எளிய காரியம். அது ஏன் இதுவரை நடக்கவில்லை என்பதற்குச் சட்டத்தின்மேல் பழி சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் செய்யக்கூடியதற்குத் திரும்பினால், கலிபோர்னியாவைப்போலக் கணக்கும் ஒப்பந்தமும் பற்றிய பரீட்சை ஒன்று ஜி1க்கு வைக்கலாம் என்று நான் சொல்வேன்; அப்படிச் சொல்லும்போது, அது தமிழ்ப்பள்ளியோடு நின்றவனை மேலும் ஒரு தடவை மலாய் மொழியில் தோற்கச் செய்யாதா என்ற ஆட்சேபம் எழும், நியாயமான ஆட்சேபமே. பரீட்சையைத் தாளில் வைக்க வேண்டும் என்று விதியா என்ன? மதிப்பீட்டாளர் ஒருவர் விண்ணப்பதாரரை ஒரு வீட்டின் முன் நிறுத்தி, அளவு நாடாவைக் கையில் கொடுத்து, இதற்கு எத்தனை வாளி, எத்தனை நாள், எவ்வளவு தொகை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் கேட்பீர் என்று வாய்மொழியாகவே கேட்கலாம். அவர் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால், அவருடைய முதல் எழுத்து ஒப்பந்தத்துக்கு அதுவே மாதிரியாகவும் கிடைத்துவிடும்.