பூட்டியின் பெயர்

தாமிரபரணிக் கரை ஊர்களில் புது ஆளைக் கண்டால் பெரியவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். எந்த ஊரு? யாரு மவன்? எந்தச் சாஸ்தா? மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் வந்தவர் யார் வகையறா, தமக்கு என்ன முறை வேண்டும் என்பதெல்லாம் காபி ஆறுவதற்குள் தெரிந்துவிடும். ஊர்ப் பெயர் நிலக் கணக்கைக் காட்டும், தகப்பன் பெயர் பத்திரத்தைக் காட்டும், குலதெய்வமான சாஸ்தா பங்காளிகளைக் காட்டுவார். இந்த மூன்று கேள்விகளையும் நூறு, இருநூறு வருஷம் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவதுதான் வம்சாவளி தேடும் கலை. திருநெல்வேலிச் சீமையில் இதை ரசித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அருகில் உட்கார்ந்து ஒரு பழைய காகிதத்தைப் பார்ப்பது நல்ல கச்சேரி கேட்பதைப் போன்ற சுகம்.

ஹரித்துவாரில் பண்டாக்கள் வைத்திருக்கும் பேரேட்டில் வடநாட்டுக் குடும்பங்கள் பல தலைமுறைப் பெயர்களை ஒரே இடத்தில் படித்துவிடலாம். நமக்கு அப்படி ஒரு பேரேடு கிடையாது. தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் அலுவலகம், கோயில், சர்ச், பள்ளிவாசல், வக்கீல் வீட்டுக் கட்டு, பரண்மேல் தகரப்பெட்டி, ஆச்சியின் ஞாபகம் என்று எல்லாம் சிதறிக் கிடக்கிறது. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. இரண்டையும் ஒட்டிப் பார்க்கத் தெரிவதில்தான் திறமை.

முதல் பாடம் பெயரிலேயே தொடங்குகிறது. நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. உலகம்மை என்ற பெயர் தலைமுறை தவறாமல் வந்தால் பாபநாசம் பக்கம் பார்க்க வேண்டும். சங்கரலிங்கம், கோமதி என்றால் சங்கரன்கோவில். குற்றாலிங்கம், குழல்வாய்மொழி என்றால் குற்றாலம். நம்பி என்றால் திருக்குறுங்குடி. சொரிமுத்து, சுடலை, இசக்கி என்றால் கொடை நடக்கும் கோயில் ஒன்று பக்கத்தில் இருக்கும். ஆண் பிள்ளைகளின் பெயர் தகப்பன் ஊரைச் சொல்லிக்கொண்டிருக்கையில் திடீரென்று ஒரு மகளுக்குக் குழல்வாய்மொழி என்று பெயர் வந்தால், தேர்ந்தவர் அங்கே நின்றுவிடுவார். தாய் குற்றாலத்துப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவளாக இருக்கலாம். அந்தத் தாயின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் போயிருக்கும். அவள் வந்த திசை மகளின் பெயரில் தங்கியிருக்கும்.

அடுத்தது காலக் கணக்கு. ஓர் ஒத்தி ஓலையை எடுத்துக்கொள்வோம். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். ௳ என்றால் நாள், ௴ என்றால் மாதம், ௵ என்றால் வருஷம், ௸ என்றால் மேற்படி. தலைப்பில் தாது வருஷம் ஆவணி மாதம் என்று மட்டும் இருந்தால் அது 1816 ஆகலாம், 1876 ஆகலாம், 1936-உம் ஆகலாம். அறுபது வருஷச் சுற்று அப்படி. இதில் நம் ஊர் வழக்கம் ஒன்று சேர்ந்துகொள்ளும். மூத்த மகன் வயிற்றுப் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்போம். அறுபது வருஷம் கழித்து அதே வருஷப் பெயர் திரும்பி வரும்போது, அதே பெயருள்ள ஆள் அதே வயலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கிவிட்டால் இரண்டு தலைமுறை காணாமல் போய்விடும்.

இந்த முடிச்சை அவிழ்ப்பது கொல்லம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையில் கொல்லம் ஆண்டும் புழக்கத்தில் இருந்தது நம் பாக்கியம். இங்கே அது ஆவணியில் பிறக்கும். ஆங்கில ஆண்டு வேண்டுமென்றால் டிசம்பர் வரை 824-உம், ஜனவரியிலிருந்து 825-உம் கூட்ட வேண்டும். ஓலையின் மூலையில் ௲௫௰௨ என்று இருந்தால் அது 1052, அதாவது 1876 ஆவணி. ௯௱௯௰௨ என்று இருந்தால் 992, அதாவது 1816. முதலாவதாக இருந்தால், வயலை ஒத்திக்கு வைத்தது தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய காலம் என்பதும் கூடவே தெரிந்துவிடும். சர்க்கார் கணக்கில் பசலி என்று இருந்தால் டிசம்பர் வரை 590-உம், ஜனவரியிலிருந்து 591-உம் கூட்ட வேண்டும். ஜூலையில் தொடங்குவது பசலி. ஒரே காகிதத்தில் இந்த மூன்று கணக்கும் ஒத்துப்போகும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தேடியவருக்குத்தான் தெரியும்.

1860-களின் நடுவில் பத்திரப் பதிவு வந்த பிறகு காகிதம் பேசத் தொடங்குகிறது. பத்திரங்களுக்குள் என் மதிப்பில் முதலிடம் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு. கிரயப் பத்திரம் வாங்கினவரையும் விற்றவரையும் மட்டும் சொல்லும். பாகப்பிரிவினை குடும்பத்தையே வரிசையில் நிறுத்தும். காலஞ்சென்ற மூத்தவர் யார், அவர் குமாரர்கள் எத்தனை பேர், முதல் தாரத்து மக்கள் யார், இரண்டாம் தாரத்து மக்கள் யார் என்று எல்லாம் வரும். செக்குபந்தியை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. இன்னார் நஞ்சைக்கு வடக்கு, இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு என்று வரும் அந்த இன்னார்களில் பாதிப் பேர் முந்தைய பாகப்பிரிவினையில் பிரிந்துபோன பங்காளிகளாக இருப்பார்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அடுத்தடுத்து இருக்கும் நான்கு வயல்களின் எல்லைகளைத் தாளில் வரைந்து பார்த்தால், ஒரு காலத்தில் அது ஒரே வயலாக இருந்ததும், ஒரே தகப்பன் கையில் இருந்ததும் புலப்படும்.

அந்தப் பத்திரத்தில் இன்னொரு வரியும் உண்டு. மைனர்களுக்குத் தாயும் கார்டியனுமான இன்ன அம்மாள் என்ற வரி. புருஷன் உயிரோடு இருந்தவரை அந்த அம்மாளின் பெயர் எந்தப் பத்திரத்திலும் வந்திருக்காது. அவர் போன பிறகு, பிள்ளைகள் வளரும்வரை, சில வருஷக் காகிதங்களில் மட்டும் அவள் பெயர் இருக்கும். கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. ஜீவனாம்சம் எழுதும் இடத்தில் கிழவியின் பெயரும் வரலாம். நிலக் கணக்கு நிலம் வைத்திருந்த ஆண்களைத் தேடாமலே தந்துவிடுகிறது. மற்றவர்களை இப்படிச் சந்து பொந்துகளில்தான் கண்டெடுக்க வேண்டும். இந்தக் கலையின் உயர்வு அங்கேதான் இருக்கிறது.

பதிவுக்கும் முந்தைய காலத்துக்கு இனாம் பதிவேடு பெரிய துணை. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் சென்னை மாகாணம் முழுவதும் மானிய நிலங்களை விசாரித்தது. மானியம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் வாங்கினவருக்கு அவர் என்ன உறவு என்று எழுதி வைத்தார்கள். வயதும் உறவும் ஒரே வரியில் கிடைப்பது அபூர்வம். கோயில் நாகஸ்வரக்காரர், தச்சர், குயவர், நாவிதர் என்று ஊழிய மானியம் பெற்றவர்கள் இதில் உண்டு. கோயில் பணியிலிருந்த பெண்களும் உண்டு. பட்டா பெயரை மட்டும் நம்புகிறவருக்கு இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். டேவிட் லட்டன் என்ற அமெரிக்க அறிஞர் 1985-இல் இந்தச் சீமையின் உழவர் வரலாற்றை எழுதியபோது பெரிதும் நம்பியது திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸ் காகிதங்களைத்தான்.

எந்த ஆபீஸில் தேடுவது என்பதும் ஒரு வித்தை. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அந்த ஊர்க் குடும்பங்களின் பழைய காகிதத்துக்குத் திருவனந்தபுரத்தை மறக்கக் கூடாது. ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் 1986 முதல் தூத்துக்குடி மாவட்டம். தென்காசி 2019 முதல் தனி மாவட்டம். கிராமக் கணக்கு 1980 வரை கர்ணம், முன்சீப் வீடுகளில் வளர்ந்தது. 1980-களில் நடந்த யூ.டி.ஆர். எனும் நில உடைமைப் பதிவேட்டுத் திருத்தத்துக்கு முந்தைய அ-பதிவேடு எங்கே என்று கேட்கத் தெரிந்தவரைத் தாலுகா ஆபீஸ் மரியாதையாகப் பார்க்கும்.

சண்டை போட்ட குடும்பத்துக்கு வம்சாவளி முழுசாகக் கிடைக்கும் என்பது இந்த வேலையில் ஊறியவர்கள் சொல்லும் உண்மை. பாக வழக்கிலும் வாரிசு வழக்கிலும் வக்கீல்கள் வம்ச விருட்சம் வரைந்து தாக்கல் செய்தார்கள். எதிர்த்தரப்பு அதில் ஓட்டை தேடியது. நீதிபதி சரிபார்த்தார். மேல்முறையீடு வரை போன வழக்கென்றால் அந்த விருட்சம் சட்ட அறிக்கைப் புத்தகத்தில் அச்சேறியும் இருக்கும். பிரியமாக எழுதிய வம்சாவளியில் இத்தனை கண்கள் பட்டிருக்காது.

சர்ச் காகிதத்துக்கு வந்தால், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவச் சபையின் முதல் பட்டியல் 1780-இல் எழுதப்பட்டது. நாற்பது பெயர்கள். கால்டுவெல் பாதிரியார் 1881-இல் வெளியிட்ட நூலால் அது உலகத்துக்குத் தெரிந்தது. 1778-இல் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, பிறகு அங்கே கோயில் கட்டிய குளோரிந்தா அம்மாள் அந்தச் சபையைச் சேர்ந்தவர். பல சாதியாரும் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்பது அந்தக் காலத்துக்குப் புதுமை. அதன்பின் முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி என்று சபைகள் பெருகின. ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும் எழுதினார்கள். ஒரு குடிசைப் பிள்ளைக்கும் ஒரு பண்ணையார் பிள்ளைக்கும் அதே அளவு இடம்தான். பட்டா இல்லாத ஏழைத் தாயின் பெயரை மையில் எழுதி வைத்த பெருமை அந்தப் பதிவேடுகளுக்கு உண்டு.

காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்குப் போகும். ஒரு வீட்டின் கதையை எழுதினால் தாய்வழிக் கதை தானாக எழுதப்பட்டுவிடும். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடும் கல்லறையின் மீசான் கல்லும் அதற்குத் துணை. கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை என்னும் வம்சப் பிரிவு தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. ஒரே கிளைக்குள் கல்யாணம் கூடாது என்பதால், எழுத்தறியாத கிழவியும் தன் தாய்வழியைத் தவறாமல் நினைவில் வைத்திருந்தாள்.

மூன்றாவது கேள்வி சாஸ்தா. பங்குனி உத்திரத்தன்று நெல்லைச் சீமையில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. சென்னையிலும் மும்பையிலும் இருப்பவர்கள் கூட அவரவர் சாஸ்தாவைத் தேடி வந்து நிற்பார்கள். காரையாற்றில் சொரிமுத்து அய்யனார், தேரிக்காட்டில் கற்குவேல் அய்யனார், அருஞ்சுனை காத்த அய்யனார், இன்னும் குளக்கரைதோறும் பெயர் தெரியாத சாஸ்தாக்கள். ஊர் விட்டு ஊர் போய் நிலம் கைமாறி இனிஷியலும் மாறிவிட்ட குடும்பங்கள் அங்கே ஒரே பொங்கல் பானைக்கு முன்னால் சேருகின்றன. கோயில் பொறுப்பாளரிடம் தலைக்கட்டு வரி எழுதும் நீள நோட்டு இருக்கும். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஆகையால் ஒரு பெயர் எந்தக் கொடை வருஷத்தில் புதிதாக ஏறுகிறதோ அதை ஒட்டி அவர் கல்யாணம் நடந்திருக்கும். பெயர் நின்று, அதே வீட்டுக்கு அரை வரி எழுதப்பட்டிருந்தால் அங்கே ஒரு விதவை இருக்கிறாள் என்று பொருள். பழைய கொடை நோட்டு வைத்திருக்கும் கோயில் ஒரு சிறிய ஆவணக் காப்பகம்தான். வீட்டுக்குள்ளே கன்னியாகக் கும்பிடும் தெய்வமும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் செத்துப்போன பெண்ணுக்கு எந்த ஆபீஸிலும் வாரிசுச் சான்றிதழ் கிடையாது. வருஷம் தவறாத ஒரு புதுப்புடவை அவளை வம்சத்தில் வைத்திருக்கிறது.

நிலமே இல்லாதவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அடுத்தவர் காகிதத்தில் இருக்கின்றன. நாஞ்சில் நாட்டு முதலியார் ஓலைகளில் மனிதர்களை விற்ற அடிமை ஓலைகளும் உண்டு. கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் 1843-இல் அடிமை முறையைச் சட்டம் ஏற்க மறுத்தது. பிறகு கப்பல் வந்தது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. அந்தப் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் இருக்கிறது. சொந்த ஊர்க் கணக்கில் எழுதப்படாதவர் கப்பல் கணக்கில் எழுதப்பட்டார். இன்று டர்பனிலிருந்து பாட்டன் ஊரைத் தேடி வருகிறவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி, ஆங்கிலேயன் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர் எந்த ஊர் என்று கண்டு சொல்வது. உள்ளூர்க்காரரால் மட்டுமே அது முடியும்.

இதைத் தனியாக யாரும் செய்துவிட முடியாது. பாகப்பிரிவினையின் ஒரு பிரதி ஒவ்வொரு கிளைக்கும் போயிருக்கும். நம் பூட்டன் பெயருள்ள தாள் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுப் பெட்டியில்தான் பத்திரமாக இருக்கும். கூட்டாகத் தேடுவதற்கு இந்த ஊரிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக்குழுவை நடத்தினார். 1969-இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். ஆய்வைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் தாங்கள் திரட்டியதைக் கொண்டுவந்து படித்தார்கள். கேட்டவர்கள் திருத்தினார்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலில் தெய்வமாக நிற்கும் முத்துப்பட்டனின் கதைப்பாடல் அவர் கையால் பதிப்புப் பெற்றது. பிராமணன் ஒருவன் சக்கிலியர் வீட்டில் பெண்ணெடுத்து, அவர்கள் மாட்டைக் காக்கப் போய் உயிர் விட்ட கதை அது. அவனுக்கு இன்றும் செருப்பு காணிக்கை. வம்சம் என்றால் சுத்த ரத்தம் என்று நினைப்பவருக்கு அந்தக் காணிக்கை போதும்.

ஆகவே ஆசை இருப்பவர் இந்த வாரமே தொடங்கலாம். பத்திரங்களின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எந்தக் காகிதத்தில் இருந்தது, அல்லது யார் வாய்மொழி என்று எழுதுங்கள். காகிதத்தில் உள்ளதும் கேட்டதும் கலந்துவிடக் கூடாது. எழுதியதை எல்லாக் கிளைக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தகப்பன் வழி ஆண்களுக்கு அவசரமில்லை. சர்க்கார் கணக்கு அவர்களைக் காத்துக்கொண்டிருக்கிறது. முதலில் வயதான அத்தையிடமோ பெரியம்மையிடமோ போய், அம்மாவைப் பெற்ற ஆச்சியின் பெயரையும், அவளைப் பெற்றவளின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர்களைப் பெரும்பாலும் எந்த ஆபீஸும் உங்களுக்குத் தரப்போவதில்லை.