குட்டிக்கும் பிடிக்கணும், அப்பாவுக்கும் பிடிக்கணும்

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சீசன். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து, செங்கோட்டை, தென்காசி வரைக்கும் எல்லோர் தலையிலும் பன்னீர் தெளித்த மாதிரி நனைத்துவிட்டுப் போகும். அதற்குப் பெயர் சாரல். நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து இறங்குகிறீர்கள். அன்றைக்குப் பார்த்து மலையில் மழை கொட்டியிருக்கும். மெயினருவியில் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் விழும். குளிக்கத் தடை!

அப்புறம் என்ன? லாட்ஜ் அறைதான். அப்பா, அம்மா, ஐந்து வயசில் ஒன்று, ஒன்பது வயசில் ஒன்று. சுவரில் ஒரு டி.வி. என்ன பார்ப்பது?

இன்றைக்குப் பல குடும்பங்களில் இதற்கு விடை ரெடி. ஆளுக்கொரு போன். சின்னதுக்கு கார்ட்டூன், பெரியதுக்கு கேம், அம்மாவுக்கு சீரியல், அப்பாவுக்குப் பழைய கிரிக்கெட் மேட்ச். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. 'பிள்ளைங்க எவ்வளவு அமைதியா இருக்கு பாரு' என்று நாமே பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஒரே அறைக்குள் நாலு தனித்தனி வீடு!

'எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்போம்' என்று யாராவது சொன்னால் அடுத்த சிக்கல் ஆரம்பிக்கும். குழந்தைக்குப் பிடித்தது அப்பாவுக்குக் கொட்டாவி. அப்பாவுக்குப் பிடித்தது குழந்தைக்கு பயம், அல்லது அம்மாவுக்கு தர்மசங்கடம். ரிமோட் கை மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு விஷயத்தை கவனித்திருக்கிறீர்களா? சின்னக் குழந்தை படத்தைப் பாதிதான் பார்க்கும். மீதிப் பாதி நேரம் உங்கள் முகத்தைப் பார்க்கும். 'இது சிரிக்கிற இடமா? பயப்படுகிற இடமா?' என்று உங்களிடம்தான் அது தெரிந்துகொள்கிறது. நீங்கள் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தால், எவ்வளவு நல்ல குழந்தைப் படமானாலும் பாதி செத்துப்போகும். அதனால் நான் சொல்லும் முதல் விதி இதுதான்: பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிற படம் வேண்டாம். உங்களுக்கும் நிஜமாகப் பிடிக்கிற படத்தைத் தேடுங்கள்.

அப்படிப் படம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் நம் சினிமா அதிகம் பழகிய வழி வேறு. அது பந்தி பிரித்துப் பரிமாறும். பத்து நிமிஷம் காமெடி, அது பிள்ளைகளுக்கு. ஒரு சென்டிமென்ட் சீன், அது அம்மாவுக்கு. ஒரு ஃபைட், அது அண்ணனுக்கு. 1972-ல் வந்த 'நல்ல நேரம்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் யானையைப் பார்த்தார்கள், அம்மாக்கள் எம்.ஜி.ஆரைப் பார்த்தார்கள். தேவர் பிலிம்ஸின் கணக்கு தப்பவில்லை. குற்றமும் சொல்ல முடியாது. ஆனால், சேர்ந்து போனார்களே தவிர, சேர்ந்து ரசித்தார்களா என்பது வேறு கேள்வி.

நான் கேட்பது ஒரே பந்தி. ஒரே காட்சி. குழந்தை அதன் உயரத்தில் நின்று ஒன்றைப் பார்க்கணும். அப்பா அவர் உயரத்தில் நின்று இன்னொன்றைப் பார்க்கணும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கணும்.

1957-ல் வந்த 'மாயா பஜார்' அந்த ரகம். ரங்காராவ் கடோத்கஜனாக வந்து கல்யாண விருந்தை ஒரே ஆளாக ஒழித்துக்கட்டுகிறார். லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகிறது. ஐந்து வயசுக்கு அது மாயாஜாலம். அப்பா, அம்மாவுக்கோ அது மாப்பிள்ளை வீட்டார் ஜம்பத்துக்கு விழுகிற சரியான அடி. கல்யாணம் செய்து பார்த்தவர்களுக்குத்தானே அந்த ருசி தெரியும்! லட்டு ஒன்றுதான், இரண்டு நாக்குக்கும் இனிக்கிறது.

இந்த வித்தை குற்றாலத்துக்குப் புதுசும் இல்லை. தென்காசிக்குப் பக்கத்து ஊர் மேலகரம். அந்த ஊர்க்காரர் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'குற்றாலக் குறவஞ்சி' படித்து முடித்து மூடி வைக்கிற புத்தகம் இல்லை. பாடி, ஆடி, நடிக்கிற நாடகம். அதில் மலையும் குரங்கும் உண்டு, கூடையோடு வந்து குறி சொல்கிற சிங்கி உண்டு, கண்ணி வைத்துப் பறவை பிடிக்கப் பார்க்கிற சிங்கன் உண்டு. பெரியவர்களுக்குக் குற்றாலநாதர் மேல் வசந்தவல்லி கொண்ட காதல், தமிழின் சொல்லழகு, பக்தி. குழந்தைக்குக் குரங்கும் குருவியும். மேடை ஒன்றுதான்.

இதைக் கையில் ஒரு அளவுகோலாக வைத்துக்கொண்டு பிற்காலத்துப் படங்களைப் பார்ப்போம்.

பாண்டிராஜின் 'பசங்க' (2009). தேசிய விருதுகள் வாங்கிய படம். அன்புக்கரசு என்கிற பையன் தன் பேருக்குப் பின்னால் இப்போதே ஐ.ஏ.எஸ். போட்டுக்கொள்கிறான். இல்லாத பைக்கைக் கையால் முறுக்கி, வாயால் சத்தம் கொடுத்துத் தெருவில் ஓட்டுகிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களும் ஓட்டுகிற வண்டிதானே அது! ஆனால் அந்த வீட்டுக்குள் அப்பா அம்மா சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் பையன் திரும்பி உங்களைப் பார்ப்பான். நீங்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பீர்கள். பெற்றவர்களையும் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் நடத்துகிற காட்சி அது. படத்தில் குறை இல்லையா? உண்டு. கடைசியில் ஆஸ்பத்திரியில் கைதட்டி உயிரை மீட்பது கொஞ்சம் ஓவர். அதை விட்டுத்தள்ளிவிட்டு ரசிக்க நிறைய மிச்சம் இருக்கிறது.

அடுத்து, மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015). சிறந்த குழந்தைகள் படம் என்று தேசிய விருது பெற்றது. என் கணக்கில் தமிழில் இந்த வகையின் உச்சம் இதுதான். இரண்டு குடிசைப் பையன்களுக்கு பீட்சா தின்ன ஆசை. ரயில் பாதையோரம் சிந்திய கரி பொறுக்கிக் காசு சேர்க்கிறார்கள். பாட்டி நோட்டீஸில் இருக்கிற படத்தைப் பார்த்து, தோசை மாவிலேயே ஒரு பீட்சா சுட்டுக் கொடுக்கிறாள். 'நூல் மாதிரி வரலையே' என்று பேரன்களுக்குக் குறை. உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கும். உங்களுக்கு மட்டும் தொண்டையில் ஏதோ அடைக்கும். இரண்டுக்கும் காரணம் அதே தோசை. யாருக்கும் தனிப் பந்தி போடாமல், யாருக்கும் புத்தி சொல்லாமல், வறுமையைக் காட்டி மூக்கைச் சிந்த வைக்காமல் கதை நடக்கிறது. படம் முடிந்தபின் ஒன்பது வயசு கேட்கும்: 'ஏம்ப்பா அவங்களை மட்டும் கடைக்குள்ள விடலை?' பதில் சொல்லத் தயாராக இருங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் நடத்தினாலும் வராத கேள்வி அது.

திரையில் குழந்தை இருந்தால் அது குழந்தைப் படம் என்று நினைப்பதும் ஒரு ஏமாற்றம். மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) அருமையான படம், ஷாமிலியை மறக்க முடியாது. ஆனால் அதில் பிள்ளைகள் வயசுக்கு மீறிப் பேசுகிறார்கள் என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. அதைவிட முக்கியம், முடிவு. ஐந்து வயசுக் குழந்தை ராத்திரி முழுக்க 'அஞ்சலி பாப்பா ஏன் எழுந்திருக்கலை?' என்று கேட்கும். எட்டு, ஒன்பது வயசு வரைக்கும் காத்திருப்பது நல்லது. 2014-ல் வந்த 'சைவம்' படத்தில் ஒரு சிறுமி, சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலை ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறாள். பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பார்த்த கையோடு பார்டர் கடைக்குப் போய் பரோட்டாவும் கோழியும் ஆர்டர் செய்தால் வீட்டில் கலவரம் வெடிக்கும்!

இன்னொரு ஏமாற்றம், பாட்டு. தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு பாறை இருக்கிறது. 2005-ல் வந்த 'அந்நியன்' படப் பாட்டுக்காக அதில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். 'அந்நியன் பாறை' என்றே பேர் விழுந்துவிட்டது. ஜூலை, ஆகஸ்ட்டில் சூரியகாந்தி பூக்கும்போது குடும்பம் குடும்பமாக வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கலர் கலரான பாறையைப் பார்த்த குழந்தை 'அந்தப் படத்தைப் போடு' என்று கேட்கும். பாட்டைப் போடுங்கள், தப்பில்லை. முழுப் படத்தையும் போட்டால் எருமைகள் ஆளை மிதிக்கிற காட்சியும், கொதிக்கிற எண்ணெயும் வரும். அதன்பின் ஒரு வாரம் பாத்ரூமுக்குத் தனியாகப் போகாது. பாட்டு நல்லா இருக்கிறது என்பதற்காகப் படத்தையும் நம்பிவிடாதீர்கள்.

'சென்சார் சர்ட்டிஃபிகேட் இருக்கே, அதைப் பார்த்தால் போதாதா?' என்று கேட்கலாம். 1983 முதல் யு, யு/ஏ, ஏ என்ற வரிசையில் ஓடிக்கொண்டிருந்தது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, யு/ஏ-வை 7 வயசு, 13 வயசு, 16 வயசு என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல காரியம். 7-க்கும் 16-க்கும் வித்தியாசம் உண்டு என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்களே! ஆனால் சர்ட்டிஃபிகேட் ஒரு படத்தில் என்ன இல்லை என்பதைத்தான் சொல்லும். என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஹோட்டல் சாப்பாட்டில் விஷம் இல்லை என்று எழுதி ஒட்டினால் ருசிக்கும் என்று அர்த்தமா? ஆகவே முதல் அரைமணி நேரத்தையாவது நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ரொம்பச் சின்னதுகளுக்கு என்ன செய்வது? பேச்சே இல்லாத படங்களுக்குப் போங்கள். சாப்ளினின் 'தி சர்க்கஸ்' 1928-ல் வந்தது. உயரத்தில் கட்டிய கயிற்றில் சாப்ளின் நடக்கிறார், குரங்குகள் அவர் மேலே ஏறி மூஞ்சியைப் பிடித்து இழுக்கின்றன. குற்றாலத்தில் குரங்கிடம் பிஸ்கட் பாக்கெட்டைப் பறிகொடுத்த குழந்தைக்கு இதைவிட நெருக்கமான படம் வேறு கிடைக்காது! அப்பாவுக்குத் தெரியும், அந்தக் கயிறு சாப்ளினின் பிழைப்பு, விழுந்தால் வேலை போச்சு. 'டாம் அண்ட் ஜெர்ரி' 1940-ல் ஆரம்பித்தது. பேச்சு அதிகம் தேவைப்படாததால் தாத்தாவையும் பேத்தியையும் இன்றைக்கும் ஒரே சோபாவில் உட்கார வைக்கிறது. ஜப்பானில் மியாசாகி எடுத்த 'மை நெய்பர் டோட்டோரோ'வில் (1988) வில்லனே கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, இரண்டு சிறுமிகளுக்குக் காட்டில் ஒரு பெரிய குண்டுப் பிராணி சிநேகம். மஜீத் மஜீதியின் ஈரானியப் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே ஜோடி ஷூ. சப்டைட்டில் படிக்கத் தெரியாத குழந்தைக்கு நீங்களே பக்கத்தில் இருந்து தமிழில் கதை சொல்லிக்கொண்டே போகலாம். அது தொந்தரவு இல்லை, போனஸ்.

இன்னொன்று. ஐந்து வயசு இரண்டரை மணி நேரம் உட்காராது. உட்கார வேண்டும் என்ற சட்டமும் இல்லை. பாதியில் நிறுத்துங்கள், மிச்சத்தை நாளைக்குப் பாருங்கள். பிடித்த காட்சியைத் திரும்பப் போடச் சொன்னால் அலுத்துக்கொள்ளாமல் போடுங்கள்.

திரும்பத் திரும்ப ரசிப்பது ஒன்றும் குழந்தைத்தனம் இல்லை. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. அதை ஒரு கலையாகவே செய்தார். நெல்லையில் அவர் வீட்டு 'வட்டத்தொட்டி'யில் நண்பர்கள் கூடுவார்கள். பின்னால் குற்றாலத்து வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து போனார்கள். ஒரு கவிதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கூட இருப்பவர்களையும் ரசிக்க வைப்பது அவர் வழி. தனியாக ரசித்தால் பாதி, நாலு பேரோடு ரசித்தால்தான் முழுசு. ஊரே கொண்டாடிய அந்தப் பட்டம் 'அறிஞர்மணி' இல்லை, 'ரசிகமணி' என்பதை யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பிள்ளைக்கு முதல் ரசிகமணி நீங்கள்தான். எது அழகு, எது அசிங்கம், எதற்குச் சிரிக்கலாம், எதற்குச் சிரிக்கக் கூடாது என்பதையெல்லாம் அது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. இன்னும் நாலைந்து வருஷம் போனால் அது தன் போனோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அதற்குள் உங்களுக்குக் கிடைக்கிற சாயங்காலங்கள் அப்படியொன்றும் அதிகம் இல்லை.

எனவே படத்தைப் போட்டுவிட்டு 'நீ பாரு, நான் இதோ வந்துடறேன்' என்று எழுந்து போகாதீர்கள். ஏதாவது ஒரு காட்சியில் அது சிரித்துக்கொண்டே உங்கள் பக்கம் திரும்பும். அந்த நேரம் நீங்கள் அங்கே இருக்கணும்.